பிறத்தியார் கை

முன்னங்கால் இரண்டுக்கும் பஞ்சு வைத்துத் துணி சுற்றியாயிற்று. பின்னங்கால் இரண்டும் பாக்கி. எட்டு மணிக்கு வண்டி வந்துவிடும் என்று வசுமதியம்மா மாடி ஜன்னலிலிருந்து சொல்லிவிட்டுப் போய் அரை மணியாகிறது, ஆறுக்குட்டி துணிச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு லாயத்துத் தரையில் குந்தியபடியே இருந்தான். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, இன்றைக்கு மூன்று தடவை சுற்றி மூன்று தடவை அவிழ்த்துவிட்டான். தளர்ந்தால் வழியில் அவிழ்ந்து காலில் சிக்கும், இறுகினால் ரத்தம் கட்டும். வண்டி ஆடும்போது குதிரை தன் காலைத் தானே மிதித்துக்கொள்ளும், அதற்குத்தான் இந்தத் துணி. மிதிக்கட்டுமே. மிதித்து நொண்டினால் இன்றைக்குப் போக முடியாதல்லவா என்று ஒரு நினைப்பு ஓடியது, அப்புறம் சீ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு சுருளை மறுபடியும் பிரித்தான். பவளம் தலையைத் தாழ்த்தி அவன் உச்சந்தலையில் மூச்சு விட்டாள். செவலைக் குதிரை, நெற்றியில் சுண்டுவிரல் அகலத்துக்கு வெள்ளை. பதினோரு வருஷமாய் இந்தக் காம்பவுண்டைத் தாண்டி அவள் வெளியே போனது மாரியம்மன் கோயில் வரைக்கும் நாலைந்து தரம், அவ்வளவுதான். இப்போது பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டி எங்கேயோ ஒரு இடமாம். குதிரைகளை மாதக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். தோட்டக்காரன் ஓதிச்சாமி நேற்றுச் செடிக்குத் தண்ணி விட்டுக்கொண்டே, என்னுங் மாமா, உங்க புள்ளையை ஹாஸ்டல்ல சேர்த்தறீங்களாமா, டீசி வாங்கிட்டீங்களா என்று கேட்டான். சிரித்தான். ஆறுக்குட்டியும் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் அது வயிற்றில் போய் உட்கார்ந்தது. மதில் அந்தப்பக்கம் புதிதாய் எழுந்த அப்பார்ட்மெண்டில் மூன்றாவது மாடிக்காரர்களுக்கு லத்தி நாறுகிறதாம், ஈ வருகிறதாம், கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். லத்தி நாறாமல் சந்தனமா மணக்கும். அவர்கள் வருவதற்கு முந்தியே இந்த லாயம் இருக்கிறது, அதை யார் கேட்கிறார்கள்.

அவனும் கேட்டுப் பார்த்தான், இல்லையென்று சொல்வதற்கில்லை. போன வாரம் வசுமதியம்மா பூஜையறையிலிருந்து வெளியே வரும் நேரம் பார்த்துப் படிக்குக் கீழே நின்று, நானும் கூடப் போயிக்கிறனுங்கம்மா, ஒரு மூலையில படுத்துக்குவனுங்க என்றான். அந்தம்மா கெட்டவர் இல்லை. கெட்டவராய் இருந்தாலாவது மனசுக்குள் நாலு வார்த்தை வைய வசதியாய் இருக்கும். அங்கே வெளியாளை உள்ளே விட மாட்டார்களாம், அவர்கள் ஆட்களே சட்டையெல்லாம் ஒரே மாதிரி போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வார்களாம், நீ இங்கேயே கேட்டுக்குக் காவலாய் இரு ஆறுக்குட்டி, உன்னை யார் போகச் சொன்னது என்றார். கேட்டுக்குக் காவல். இத்தனை வருஷம் குதிரைக்கு முன்னால் நின்ற காலைக் கொண்டுபோய் இரும்புக் கேட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். அது தின்னாது, குடிக்காது, அவன் வாசனை கண்டு காதைத் திருப்பாது. சரிங்கம்மா என்றான். சரிங்கம்மா என்று சொன்ன அந்த நிமிஷம், சொல்ல வேண்டிய இன்னொன்றைச் சொல்லாமல் விழுங்கினான். இந்த ஒரு வாரமாய் அது தொண்டையிலேயே நிற்கிறது, மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பவளம் அவன் கை தவிர வேறு கையில் தின்ன மாட்டாள். கையில் மட்டுமா, வேறு ஆள் வாளியில் கொள்ளைக் கொட்டி வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவன் வந்து கையை உள்ளே விட்டு ஒரு கிளறு கிளற வேண்டும், நாக்கைச் சொடக்க வேண்டும், அப்புறம்தான் வாய் வைப்பாள். குதிரைமசால் புல்லாய் இருந்தாலும் அதே கதைதான். இது வசுமதியம்மாவுக்குத் தெரியாது. விளையாட்டுக்கு அடம்பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சட்டைக்காரர்களுக்கும் தெரியாது. ஓதிச்சாமிக்கு மட்டும் தெரியும், அவனைக் கேட்டால்தானே சொல்வான்.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஆறுக்குட்டி ஒரு வாரமாய்ப் படுத்துக்கொண்டும் உட்கார்ந்துகொண்டும் ஓட்டிப் பார்த்துவிட்டான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இனிப்பாய்த்தான் இருந்தது. இன்றைக்குப் புது இடம், தின்னவில்லை, மிரட்சி என்பார்கள். நாளைக்கும் தின்னவில்லை. டாக்டரைக் கூப்பிடுவார்கள், பல்லைப் பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள். நாளன்றைக்கு வசுமதியம்மா போனை எடுத்து, ஆறுக்குட்டி, ஒரு எட்டு வந்துட்டுப் போ, கார் அனுப்பறேன் என்பார். கார். அவன் முன் சீட்டில் உட்கார்ந்து போவான். ஒரே மாதிரி சட்டை போட்டவர்கள் வரிசையாய் நின்று பார்ப்பார்கள். அவன் உள்ளே போய் வாளியில் கையை விட்டு ஒரு கிளறு, ஒரு சொடக்கு. அந்தச் சத்தம், கொள்ளு பல்லில் நொறுங்குகிற சத்தம், அத்தனை பேருக்கும் கேட்கும். அதுவரைக்கும் நன்றாய்த்தான் ஓடும். அப்புறம் அந்த மூன்று நாளை அவன் நினைப்பு வெறுமனே தாண்டிப் போக முடியாமல் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும். குதிரையின் குடல் மூன்று நாள் சும்மா கிடக்காது. மாட்டுக்கு நாலு வயிறு, அசைபோட்டுக் காலம் தள்ளும், குதிரைக்கு உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் சூலை பிடிக்கும். வாந்தியெடுக்கவும் அதுக்கு வழி வைக்காமல் படைத்துவிட்டான் படைத்தவன். உருளும், எழுந்திருக்கும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அதை அவன் ஒரு தடவை பார்த்திருக்கிறான். பின்னங்கால் துணி நாலாவது தடவை நழுவியது.

துரை. கறுப்புக் குதிரை, பவளத்துக்கு முந்தி இதே லாயத்தில் நின்றவன். வீட்டுப் பெண் தாரணிக்கு ஒன்பதாவது பிறந்தநாள், புல்தரை முழுக்கப் பந்தல். வந்தவர்களுக்கெல்லாம் குதிரை என்றால் வேடிக்கை. ஒருத்தர் கேக்கை ஊட்டினார், ஒருத்தர் பிரியாணியை இலையோடு நீட்டினார், யாரோ ஒரு மகராசன் ஒரு வாளி நெய்ச்சோறு. துரைக்கும் வஞ்சனை கிடையாது, நீட்டின கையையெல்லாம் நக்கினான். மறுநாள் மத்தியானம் லாயத்துச் சுவரை உதைத்து உதைத்துச் செத்தான். பெரிய ஐயா, வசுமதியம்மாவின் வீட்டுக்காரர், இப்போது அவரும் இல்லை, அன்றைக்கு வந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நீ எங்கேடா போயிருந்தே. கார்களை வரிசையாய் நிறுத்தச் சொல்லி அவனை ரோட்டுக்கு அனுப்பினதே அவர்தான். அதை அவன் சொல்லவில்லை. அதுவும் ஒன்று விழுங்கினது. அவன் வயிற்றைக் கீறிப் பார்த்தால் சோறு இருக்காது, இப்படி விழுங்கினதுதான் அடுக்கடுக்காய்க் கிடக்கும். அடுத்த வருஷம் பவளம் குட்டியாய் வந்து இறங்கினதும் அவன் முதல் வேலையாய் இதைத்தான் ஆரம்பித்தான். பால்காரனைத் தீனி நீட்டச் சொல்லுவான், சமையல்காரம்மாவை நீட்டச் சொல்லுவான், டிரைவரை, ஓதிச்சாமியை, இஸ்திரி போட வந்தவனை. குட்டி ஆசையாய் மூக்கை நீட்டும். நீட்டினதும் மூக்கில் ஒரு அடி, பலமாய் இல்லை, சுள்ளென்று. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தால் நாக்கைச் சொடக்கி அவன் கையிலிருந்து வெல்லம். இரண்டு வருஷம். அப்புறம் ஊரே திரண்டு வந்து நீட்டினாலும் பவளம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்பாள். எவன் வந்து எந்த எழவை நீட்டினாலும் இனி சாவு இல்லை என்று அவன் அன்றைக்கு நிம்மதியாய்த் தூங்கினான். நிம்மதிக்குள்ளேயே இன்னொன்றும் முளை விட்டிருந்தது, அதற்குப் பேர் பெருமை என்று இப்போது தெரிகிறது, அப்போது அக்கறை என்றுதான் நினைத்தான்.

தாரணிப் பாப்பாவுக்குக்கூட விலக்கு வைக்கவில்லையே. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து கேரட்டை நீட்டும். பவளம் திரும்பி அவனைப் பார்ப்பாள். பாப்பா, கேரட்டை என்ர கையில குடு கண்ணு, நான் குடுக்கறேன் என்பான். என் குதிரை என் கையில தின்னாதா என்று ஒரு நாள் அந்தப் பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேட்டது. அவன் சிரித்தான். உள்ளுக்குள் என்ன ஒரு குளிர்ச்சி அன்றைக்கு. அப்புறம் கேரட் வருவது குறைந்தது. அப்புறம் பாப்பா வருவது குறைந்தது. டென்னிஸ் பழகப் போயிற்று. கல்யாணத்தன்று பட்டுப் புடவையோடு வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கனடா போய்விட்டது. அங்கேயிருந்து போனில், அங்க அவளுக்கு வேற குதிரைங்க துணை இருக்கும்மா, அனுப்பிடுங்க என்று சொன்னதே அதுதான். பவளத்தின் வாயீரம் ஒரு நாளாவது அந்தப் பிள்ளையின் உள்ளங்கையில் பட்டிருந்தால் இவ்வளவு லேசாய் அனுப்பிடுங்க என்று வந்திருக்குமா. வந்திருக்காது. வந்தாலும் வந்திருக்கும். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஆறுக்குட்டியின் நினைப்பு வண்டி மாடு குழியில் இறங்கின மாதிரி நின்றுவிடும், வேறு பக்கம் இழுப்பான், அது இன்னும் மோசமான இடத்துக்குப் போகும். மயிலாத்தாளை எடுத்த அன்றைக்கு. பெண்சாதியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து தலை முழுகி ஈரம் காயவில்லை, ஓதிச்சாமி போன் பண்ணினான், மாமா, சொல்லக்கூடாது, ஆனா இவ ரெண்டு நாளா வாயே வைக்கலை. மூன்றாம் நாள் பாலுக்குக் காத்திருக்காமல் பஸ் ஏறினான். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மகன் பூபதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தான், கத்தவில்லை, சாதாரணமாய்ச் சொன்னான், அம்மாவுக்கு நீங்க வராமயே இருந்திருக்கலாம். இப்போது திருப்பூரில் இருக்கிறான், பொங்கலுக்குக்கூடப் போன் இல்லை. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது துக்கத்துக்கு நடுவே, ஆமாம், நடுவேதான், நான் போகாவிட்டால் அவள் தின்னமாட்டாள் என்கிற அந்த இது இருந்ததே. அதை யாரிடம் போய்ச் சொல்வது.

ஐந்தாவது தடவை சுற்றினதும் துணி நின்றது, மற்றக் காலையும் முடித்தான். வண்டி எட்டடிக்க இன்னும் கால் மணி இருக்கும்போதே வந்துவிட்டது. பின்பக்கம் சாய்பலகை வைத்து அடைத்த லாரி. அவன் மனசில் ஒரு முரட்டுப் பயலை வரைந்து வைத்திருந்தான், சவுக்கும் கையுமாய், பார்த்தவுடனே வெறுக்க வசதியாய். இறங்கினது ஒரு பொம்பளை. முப்பத்தைந்து வயசிருக்கும், நீலச் சட்டை, முடியைக் கொண்டையாய் இறுக்கியிருந்தாள். பேர் ரெஜினா, ஊட்டிக்காரி, சின்ன வயசிலிருந்து ரேஸ் லாயத்தில் இருந்தவளாம். நேராய்க் குதிரையிடம் வரவில்லை. லாயத்துக்கு வெளியே பக்கவாட்டில் நின்று, பவளம் தன்னைப் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு குனிந்து துணி சுற்றியதைப் பார்த்து, நல்லாச் சுத்தியிருக்கீங்க அண்ணா, எங்காளுங்க இந்த மாதிரிச் சுத்த மாட்டாங்க என்றாள். வேலை தெரிந்தவள். ஆறுக்குட்டிக்கு அது இன்னும் எரிந்தது. ஒரு தப்பாவது செய்து தொலைத்தால் என்ன. அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்து உள்ளங்கையைத் தட்டையாய் விரித்து நீட்டினாள். நேற்று மாலையிலிருந்து பயணத்துக்கென்று தீனி குறைத்துப் போட்ட வயிறு, பவளத்தின் மூக்குத் துவாரம் விரிந்தது. விரிந்து, அப்படியே நின்று, கழுத்து திரும்பி, அவன் முகத்தைப் பார்த்தாள். ரெஜினா கையை மடக்கவில்லை. குதிரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி குதிரையைப் பார்த்தாள்.

"கை பழக்கியிருக்கீங்க."

ஆறுக்குட்டி குனிந்து பின்னங்கால் துணியின் முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

"எங்கப்பாவும் ஒண்ண இப்படித்தான் பழக்கி வச்சிருந்தாரு."

"தின்னுச்சுங்களா அம்மணி?"

"அவரு இருந்த வரைக்கும் தின்னுச்சு" என்றாள் ரெஜினா.

அவள் குற்றம் சொல்லவில்லை, மேலே போய் அம்மாவிடம் சொல்லட்டுமா என்றும் கேட்கவில்லை. நீங்களும் வாங்க என்று கூப்பிடவும் அவளுக்கு வழியில்லை, வெளியாளைக் கூட்டிப் போனால் அவள் வேலை போய்விடும், அதை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். டிரைவரை டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பினாள். ஒரு மணி நேரம் இருக்கண்ணா, பாருங்க என்றாள். நாக்கைச் சொடக்கினால் போதும், இப்போதே அவள் கையில் தின்னுவாள், அது ஆறுக்குட்டிக்குத் தெரியாதா. இப்போது தின்னுவாள். அவன் சொடக்கு இங்கே இருக்கிறது, கிணத்துக்கடவில் யார் சொடக்குவது. அவன் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கித் தின்றால் அது தின்றதில்லை. முகத்தைப் பார்க்கிற பழக்கமே போக வேண்டும். பதினோரு வருஷத்தை ஒரு மணியில் எப்படி அழிப்பது, அடித்து அழிக்க முடியாது, அவன் அடித்தால் அதையும் சரியென்று வாங்கிக்கொண்டு நிற்பாள். மயிலாத்தாள் என்ன பண்ணினாள். பூபதி இரண்டரை வயசு வரைக்கும் பாலை விடவில்லை, இன்னும் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிந்தான். ஒரு நாள் வேப்பிலையை அரைத்து மாரில் பூசிக்கொண்டு உட்கார்ந்தாள். பையன் ஓடி வந்து வாய் வைத்தான், முகம் கோணியது, துப்பினான். துப்பிவிட்டு அம்மா முகத்தை அண்ணாந்து பார்த்தான், என்னவோ தப்பு நடந்திருக்கும், அம்மா அப்படிப் பண்ண மாட்டாள் என்கிற மாதிரி, மறுபடியும் வந்து வாய் வைத்தான். மயிலாத்தாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஆறுக்குட்டி கட்டிலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு சிரித்தான் அன்றைக்கு. எதுக்குப் புள்ள கண்ணைத் துடைக்கற, நல்ல காரியந்தானே என்று வேறு கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறாள்.

லாயத்து மாடத்தில் புண்ணுக்குப் போடுகிற வேப்பெண்ணெய் சீசா இருந்தது. வலது உள்ளங்கையில் கவிழ்த்தான், விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை தேய்த்தான், அதன் மேல் வெல்லத்தை வைத்துப் புரட்டினான். இந்தா கண்ணு என்று நீட்டினான். பவளம் முகர்ந்தாள். வாசனை பிடிக்கவில்லை, தலையைப் பின்னுக்கு இழுத்தாள், ஆனால் நீட்டியிருப்பது யார் கை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நாக்கைச் சொடக்கினான். அவள் எடுத்துக்கொண்டாள். மேலுதடு சுருண்டு ஏறியது, பல் தெரிந்தது, எச்சிலோடு வெல்லம் வைக்கோலில் விழுந்தது. ரெஜினா தன் கையை நீட்டியபடியே பக்கத்தில் நின்றாள். பவளம் அந்தப் பக்கம் போகவில்லை. அவனிடமே வந்தாள், நெற்றியை அவன் நெஞ்சில் முட்டி, இந்தக் கசப்பிலிருந்து என்னைக் காப்பாற்று என்று அவனிடமே கேட்கிற மாதிரி நின்றாள். அவன் இரண்டாவது துண்டை நீட்டினான். மறுபடியும் வாங்கிக்கொண்டாள். அதுதான். முதல் தடவை வாங்கினது தெரியாமல், இரண்டாவது தடவை வாங்கினது தெரிந்தே. ஆறுக்குட்டி சீசாவைச் சாய்த்து மறுபடியும் கையை நனைத்தான். மூன்றாவதுக்கு முகர்ந்தாள், எடுக்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். சொடக்கினான். எடுத்தாள், துப்பினாள். நாலாவதுக்குக் காது இரண்டும் பின்னால் படிந்தது. ஐந்தாவதுக்கு அவன் கையைத் தூக்கும்போதே கழுத்தைத் திருப்பினாள், திரும்பின பக்கம் ரெஜினாவின் உள்ளங்கை இருந்தது. அவன் நாக்கு பழக்கத்தில் சொடக்கப் போயிற்று, பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டான். பவளம் அந்தக் கையை முகர்ந்தாள். வெகு நேரம் முகர்ந்த மாதிரி இருந்தது. அவன் பக்கம் திரும்புவாள், இப்போது திரும்புவாள் என்று பார்த்தான். திரும்பட்டும் என்று வேண்டிக்கொண்டானா, திரும்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டானா, அதை அவனால் கடைசி வரைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. வெல்லம் பல்லில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் ரெஜினா வாளியில் கையை விட்டுக் கிளறினாள். கொள்ளு நொறுங்கியது. ஒரு தடவைகூட இந்தப் பக்கம் பார்க்காமல் பவளம் பாதி வாளி தின்றாள்.

டிரைவர் வந்து சாய்பலகையை இறக்கினான். தலைக்கயிற்றை ஆறுக்குட்டி எடுத்துக் கொடுத்தான், பவளம் அவன் கை வாடைக்கு முகத்தைச் சுளித்து விலகினாள், ரெஜினா வாங்கிக்கொண்டாள். மிரளவில்லை, முன்னங்காலை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுப் பலகைமேல் ஏறிப் போனாள், சுற்றின துணி நாலும் நழுவாமல் இருந்தன. ரெஜினா கதவைச் சாத்துவதற்கு முந்தி இறங்கி வந்து, அண்ணா என்று ஏதோ சொல்ல வந்தாள். அவன், வெய்யல் ஏறுது, கெளம்புங்க அம்மணி, கிணத்துக்கடவு பாலத்துல மெதுவாப் போகச் சொல்லுங்க என்றான். வண்டி கேட்டைத் தாண்டிப் போயிற்று. அவன் கேட்டைச் சாத்தினான். இனி அதுதானே வேலை. மாடி ஜன்னல் திறந்தது. வசுமதியம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, ஏறிட்டாளா ஆறுக்குட்டி, ரொம்ப அடம் பிடிப்பாள்னு பயந்துட்டே இருந்தேன் என்றார்.

"இல்லீங்கம்மா" என்றான் ஆறுக்குட்டி, கையை வேட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. "நல்ல குதிரைங்க அது. ஆரு கூப்பிட்டாலும் போயிருமுங்க."